முதுகுப்பையைக் கடைசியில் வாங்குங்கள்: மலையேற்றச் சுமையைக் குறைக்க ஒரு முழு வழிகாட்டி

டெஹ்ராடூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் போனால் சாங்க்ரி என்ற ஊர் வரும். உத்தராகண்டில் கேதார்காந்தா சிகரம் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவார்கள். டிசம்பர் மாதக் காலையில் அந்தச் சின்னக் கடைத்தெருவில் நின்று பார்த்தால், யார் பையில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பது அவர்கள் நிற்கிற நிலையிலேயே தெரிந்துவிடும். கனமான பைக்காரர்கள் முன்னால் குனிந்து, இரண்டு கட்டைவிரல்களையும் தோள்வாருக்குள் நுழைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நடை இன்னும் தொடங்கியே இருக்காது.

நானும் முதல் தடவை அப்படித்தான் நின்றேன். தள்ளுபடியில் கிடைத்ததென்று 65 லிட்டர் பை ஒன்றை முதலில் வாங்கிவிட்டேன். அவ்வளவு இடம் இருக்கும்போது நிரப்பத்தானே தோன்றும்? கிளம்பும்போது தண்ணீரோடு 15.4 கிலோ. இரண்டாம் நாள் ஏற்றத்தில் இரண்டு தோளிலும் வார் பதிந்த இடம் கன்றிப்போய், மூன்றாம் நாள் பையைக் கோவேறு கழுதையில் ஏற்றிவிட வேண்டியதாயிற்று. அடுத்த முறை இமயமலைக்குப் போனபோது அதே ஐந்து நாளுக்கு, அதே குளிருக்கு, தண்ணீரோடு 8.2 கிலோதான். புதிதாக வாங்கியவை இரண்டே பொருள்கள். மற்றதெல்லாம் எடுத்து வைத்ததில் வந்த வித்தியாசம்.

அதனால்தான் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். பையைக் கடைசியில் வாங்குங்கள். என்ன தூக்கப் போகிறோம் என்று தெரியாமல் எத்தனை லிட்டர் பை வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் சுமை எங்கே இருக்கிறது

சுமையைக் குறைப்பது பற்றி வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால், கூடாரம், ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து தூங்கும் மெத்தென்ற உறை), முதுகுப்பை ஆகிய மூன்றையும் முதலில் மாற்றச் சொல்வார்கள். அமெரிக்காவில் எல்லாவற்றையும் தானே சுமந்து வாரக்கணக்கில் நடப்பவர்களுக்கு அது சரியான அறிவுரை. சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலான எடையை அவர்கள் அடிப்படை எடை என்று கணக்கிடுவார்கள். அது ஒன்பது கிலோவுக்குள் இருந்தால் இலகு, நாலரைக் கிலோவுக்குள் இருந்தால் மிக இலகு.

நம்மில் பெரும்பாலோர் இமயமலைக்கு ஏதாவது ஒரு குழுவோடு போகிறோம். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சமையல் சாமான் எல்லாம் கழுதையிலோ சுமைதூக்கும் தொழிலாளர் முதுகிலோ வந்துவிடும். அப்படியும் 14, 15 கிலோ சேர்கிறதென்றால் அது துணியிலும் தின்பண்டத்திலும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று போட்ட சாமான்களிலும்தான் இருக்கிறது. கூடாரத்தைப் பற்றி இங்கே பேசாமல் விடுவதற்கு அதுதான் காரணம்.

எவ்வளவு தூக்கலாம்? உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது மலையேறுகிறவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 60 கிலோ இருப்பவருக்கு 12 கிலோ வரும். முதல் தடவை போகிறவர்கள் அதை உச்சவரம்பாக எடுத்துக்கொண்டு, ஒன்பது கிலோவுக்குள் நிறுத்தப் பாருங்கள். உயரம் கூடக்கூட மூச்சு வாங்கும். கேதார்காந்தா உச்சி ஏறக்குறைய 3,800 மீட்டர். கீழே இலேசாகத் தெரிந்த பை அங்கே அப்படித் தெரியாது.

பாயை விரித்து எடை போடுங்கள்

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே இதைச் செய்ய வேண்டும். கூடத்தில் ஒரு பாயை விரித்து, எடுத்துப்போக நினைப்பதையெல்லாம் அதன்மேல் பரப்புங்கள். சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தராசு போதும். ஒவ்வொரு பொருளாக வைத்து எடையை ஒரு தாளில் எழுதுங்கள். சாக்ஸ், சீப்பு, சார்ஜர் வயர் எதையும் விடாதீர்கள். ஒரு மணி நேர வேலைதான், ஆனால் இந்த வழிகாட்டியில் அதிகப் பலன் தருவது இதுதான்.

என் தாளில் இருந்தது இது: குளியல் துவாலை 430 கிராம், ஜீன்ஸ் 680, வெந்நீர் நிற்கும் ஸ்டீல் பாட்டில் காலியாகவே 470, பெரிய பவர் பேங்க் 420. நாலு சாமானில் சரியாக இரண்டு கிலோ. தனித்தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தபோது ஒன்றுகூடக் கனமாகத் தெரியவில்லை. கை ஏமாறும், தராசு ஏமாறாது.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேளுங்கள். இது இல்லாவிட்டால் எனக்கு ஆபத்தா, சிரமமா, அல்லது ஒன்றுமில்லையா? ஒன்றுமில்லை என்பதெல்லாம் உடனே அலமாரிக்குத் திரும்பட்டும். சிரமம் என்பதற்கு அதைவிட இலேசான மாற்று இருக்கிறதா, கூட வருகிறவரோடு பகிர முடியுமா என்று பாருங்கள். ஆபத்து என்பதைத் தொடாதீர்கள்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதில்லை. சபரிமலைக்குக் கட்டும் இருமுடியைப் பாருங்கள். முன்முடியில் நெய்த்தேங்காயும் பூஜைப் பொருள்களும், பின்முடியில் வழிக்கான உணவுப் பொருள். தலையில் வைத்து நடக்க வேண்டியது என்பதால் கட்டும்போதே அளவு வந்துவிடும். எங்கள் வீட்டில் குருசாமியாக இருந்த பெரியவர், அரிசியைக் கையால் அளந்து போட்டுவிட்டு முடிச்சைத் தூக்கிப் பார்ப்பார். மனசுக்குச் சரியென்று படாவிட்டால் அவிழ்த்து ஒரு பிடி எடுத்துவிடுவார்.

துணி: பாதிக் கனம் இங்கேதான்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குக் குளிரைப் பற்றிய பயம் அதிகம். எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தில்தான் மூன்று ஸ்வெட்டரும் நாலு பேண்ட்டும் பைக்குள் போகின்றன. குளிரைத் தடுப்பது துணியின் கனமில்லை. துணிக்குள் அடைபடும் காற்று. அதனால் தடியான ஒரே உடுப்பைவிட இலேசான மூன்று அடுக்கு நன்றாக வேலை செய்யும். எடையும் குறைவு.

உடம்பை ஒட்டி வியர்வையை வெளியே தள்ளுகிற பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி பனியன். அதற்குமேல் ஒரு ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கை இழை மேலாடை. அதற்கும்மேல் காற்றையும் தூறலையும் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட். இவை தவிர, நிற்கும்போதும் முகாமில் இருக்கும்போதும் போட்டுக்கொள்ள இறகு அல்லது செயற்கைப் பஞ்சு அடைத்த ஜாக்கெட் ஒன்று. ஏற்றத்தில் நடக்கும்போது இந்தக் கடைசி ஜாக்கெட்டைப் போடவே கூடாது. வியர்த்து உள்ளே நனைந்தால், நின்ற ஐந்து நிமிடத்தில் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும்.

எண்ணிக்கைக்கு நான் வைத்திருக்கும் விதி: போட்டிருப்பது ஒன்று, பையில் ஒன்று. நடக்கும் பனியன் இரண்டு, பேண்ட் இரண்டு. இரவுக்கென்று ஒரு செட் தெர்மல் (உடம்போடு ஒட்டும் குளிர்கால உள்ளுடுப்பு), அதைப் பகலில் போடுவதே இல்லை. எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். ஃப்ளீஸ், ஜாக்கெட் ஒவ்வொன்று. சாக்ஸ் மூன்று ஜோடி, அதில் ஒன்று தூங்க மட்டும். கம்பளிக் குல்லா, இரண்டடுக்குக் கையுறை. உள்ளாடை மட்டும் உங்கள் விருப்பப்படி. ஐந்து நாளுக்கு இவ்வளவு போதும். தினமும் துணி மாற்றுகிற நம் பழக்கம் அந்தக் குளிரில் தேவைப்படாது, வியர்வை நாற்றமும் ஊரில் போல ஏறாது.

ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பருத்தி நம் ஊர் வெயிலுக்கு அருமையான துணி, ஆனால் பனியில் நனைந்தால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உலராமல் உடம்புச் சூட்டை இழுக்கும். கனமும் கூடிவிடும். என் ட்ரெக் பேண்ட் 290 கிராம், ஒரு மணி நேர வெயிலில் உலர்ந்துவிடுகிறது.

துவாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை கொண்டுபோன அந்தக் கனத்த துவாலை முகம் துடைத்த ஈரத்தோடு ராத்திரி கூடாரக் கயிற்றில் கிடந்தது. காலையில் எடுத்தால் பொரித்த அப்பளம் போல விறைத்திருந்தது, மடித்தபோது உள்ளே நொறுங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் முழு நடையிலும் அது உலரவே இல்லை. இப்போது கொண்டுபோவது ஓர் ஈரிழைத் துண்டு, 140 கிராம். அதுவும் பருத்திதான், ஆனால் அத்தனை மெல்லிசாக இருப்பதால் நடக்கும்போது பைக்குப் பின்னால் தொங்கவிட்டால் உலர்ந்துவிடும். தலைக்கு வெயில் மறைப்பு, கழுத்துக்குச் சுற்று, சூடான டம்ளரைப் பிடிக்கும் துணி எல்லாம் அதுவே. நூறு ரூபாய் சொச்சத்துக்குக் கைத்தறிக் கடையில் கிடைப்பதைவிட நல்ல ட்ரெக் துண்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

தின்பண்டம், தண்ணீர், மற்றவை

குழுவோடு போனால் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. நாம் கொண்டுபோவது வழியில் கொறிக்க மட்டும். ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம், அவ்வளவுதான். கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. அதனால் கொட்டைகள் சேர்ந்த பண்டம் எடைக்கு அதிகச் சக்தி தரும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இதற்கென்றே செய்தது போல இருக்கும்: நிலக்கடலை, வெல்லம், இடத்தை அடைக்காது, உடைந்தாலும் வீணாகாது. பொரிவிளங்காய் உருண்டையும் நல்லது, ஆனால் குளிரில் கல்லாகிவிடும். வீட்டிலேயே உடைத்து எடுத்துப் போங்கள். முறுக்கும் சிப்ஸும் காற்றைச் சுமப்பது மாதிரி. எதுவானாலும் அட்டைப்பெட்டி, தகரம், பளபளப்புக் காகிதம் எல்லாவற்றையும் ஊரிலேயே பிரித்து நாள் வாரியாகச் சின்னப் பைகளில் போட்டுவிடுங்கள். மலையில் குப்பையும் குறையும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பையில் இதைவிடக் கனமான பொருள் அநேகமாக இருக்காது, அதனால் பலரும் இதைக் குறைக்கப் பார்ப்பார்கள். குறைக்காதீர்கள். இரண்டு லிட்டர் பிடிக்கிற அளவுக்குப் பாத்திரம் இருக்க வேண்டும். குறைக்க வேண்டியது பாட்டிலின் எடையை. கனத்த ஸ்டீல் குடுவை ஒன்று இருந்தால் போதும், இன்னொன்று சாதாரணப் பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்கட்டும். அடுத்து எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று வழிகாட்டியிடம் தினமும் காலையில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் என்றால் இரண்டு லிட்டரையும் முழுக்க நிரப்பத் தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடை நெருங்கும்போது ஓடைகள் வற்றிவிடும், அங்கே மூன்று லிட்டர் தூக்கினாலும் தவறில்லை.

மின்சாதனத்தில் ஒரு போன், 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, ஹெட் டார்ச். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ராத்திரி போனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். அதைச் செய்தால் இன்னொரு பவர் பேங்க் வேண்டியிருக்காது. விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கையோடுதான் வைத்திருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

சோப்பு, ஷாம்பு, கிரீம் எல்லாம் சின்ன டப்பாக்களில் மாற்றிக்கொள்ளுங்கள். பாதி தீர்ந்த பற்பசைக் குழாயை இப்போதிருந்தே எடுத்து வையுங்கள். மூன்று பேர் போனால் ஒரு சன்ஸ்கிரீன், ஒரு பவர் பேங்க், ஒரு முதலுதவிப் பெட்டி என்று முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொள்ளலாம்.

இவற்றில் கை வைக்காதீர்கள்

1955இல் அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி, தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பலாச்சியன் பாதையின் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைத் தனியாக நடந்து முடித்தார். அவரிடம் கூடாரமும் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வரும். ஆனால் அவர் நடந்தது வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை. டிசம்பர் இமயத்தில் அப்படிப் போகக் கூடாது.

பஞ்சு ஜாக்கெட், மழைத் தடுப்பு, கையுறை, ஹெட் டார்ச், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, முதலுதவி, விசில், கருப்புக் கண்ணாடி. பயன்படாமல் திரும்பி வந்தாலும் இவை அடுத்த முறையும் போகும். பனியில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைப் புண்ணாக்கிவிடும் என்பதால் கண்ணாடியைச் சேர்த்திருக்கிறேன். எடையைக் குறைக்க மாத்திரை அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தை வைத்துக்கொண்டு வெட்டுங்கள். உயர நோய்க்கான மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது பை

மிஞ்சிய பொருள்களை ஒரு பெரிய துணிப்பையில் போட்டுப் பார்த்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்று கண்ணுக்கே தெரியும். ஒரு நாள் நடைக்கு 20 முதல் 25 லிட்டர். குழுவோடு நாலைந்து நாள் என்றால் 40 முதல் 50. சொந்தக் கூடாரத்தோடு போனால் 55 முதல் 65. இரண்டு அளவுக்கு நடுவில் தயங்கினால் சின்னதை எடுங்கள். காலிப் பையின் எடையையும் பாருங்கள்: 50 லிட்டர் பைகள் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். பையின் சீட்டில் எடை போட்டிருக்காவிட்டால் கொக்கித் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்த் தொங்கவிட்டுப் பார்க்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

லிட்டரைவிட முக்கியம் முதுகு நீளம். அதை உங்கள் உயரத்தை வைத்துக் கணிக்க முடியாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் இன்னொருவருக்கு முதுகு நீளமாகவும் இருக்கும். அளப்பதற்கு வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஓர் எலும்பு முண்டாகத் துருத்தும். அங்கே தையல் டேப்பின் நுனி. இனி இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, கட்டைவிரல்கள் பின்னால் வரும்படி இடுப்பெலும்பின் மேல் விளிம்பை அழுத்துங்கள். இரண்டு கட்டைவிரலையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் வரை அளந்தால் அதுதான் உங்கள் முதுகு நீளம். எந்த நீளத்துக்கு எந்தப் பை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சீட்டிலோ இணையதளத்திலோ போட்டிருப்பார்கள்.

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கனத்தைச் சுமக்க வேண்டியது தோள் இல்லை, இடுப்பு. நம் வீடுகளில் தண்ணீர்க் குடத்தை எங்கே வைத்துத் தூக்கினார்கள்? இடுப்பெலும்பின் மேல். அந்த எலும்பிலிருந்து கனம் நேராகக் காலுக்கு இறங்கிவிடும். தோளில் தொங்கும் கனத்தைத் தசைதான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். 1952இல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்ட்டி என்பவர் அலுமினியச் சட்டமும் இடுப்பு வாரும் வைத்த பைகளைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். இன்றைய ட்ரெக் பைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. பை உங்கள் முதுகைவிட நீளமாக இருந்தால் வார் இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கித் தொடையை இடிக்கும். குட்டையாக இருந்தால் வயிற்றைப் பிடிக்கும். இரண்டிலும் கனம் தோளுக்குத் திரும்பிவிடும்.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்து வாங்காதீர்கள். காலியாக எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். எட்டு கிலோ போட்டுப் பாருங்கள். கடையில் மணல்மூட்டை இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில்களை அடுக்கலாம். பதினைந்து நிமிடம் நடந்து, படி ஏறி இறங்குங்கள். இடுப்பு வாரைப் பூட்டியபின் தோள்வாரைக் கொஞ்சம் தளர்த்தினால் கனம் இடுப்பிலேயே நிற்க வேண்டும். வாரின் மெத்தை இரண்டு பக்க எலும்பையும் சுற்றி வர வேண்டும். பெண்களுக்கென்று தைத்த பைகளில் தோள்வாரின் வளைவும் இடுப்பு வாரின் கோணமும் வேறாக இருக்கும். மார்பை அழுத்துகிறதென்றால் அவற்றைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஜிப்பை இருபது தடவை இழுத்துப் பாருங்கள், தோள்வார் பையோடு சேரும் தையலை உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பை கிழிவதென்றால் பெரும்பாலும் அங்கேதான் கிழியும்.

எனக்குப் பத்து வெளிப்பாக்கெட் உள்ள பைகள் பிடிக்காது. ஒவ்வொரு ஜிப்பும் எடை, ஒவ்வொரு பாக்கெட்டிலும் எதையாவது வைத்து மறப்போம்.

அடுக்குவதும் கட்டுவதும்

முதலில் பைக்குள் ஒரு தடித்த பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்குங்கள். வெளியே போடும் ரெயின் கவர் முதுகுப் பக்கத்தை மூடாது. அடைமழையில் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். அடியில் ராத்திரிக்கு மட்டும் வேண்டியவை: தெர்மல், தூங்கும் சாக்ஸ். நடுவில், முதுகை ஒட்டி, கனமானவை. முதுகிலிருந்து தள்ளி வைத்தால் அதே கனம் பின்னால் இழுக்கும். மேலே ஜாக்கெட், மழைத் தடுப்பு, முதலுதவி. இடுப்பு வாரின் சின்னப் பையில் கடலைமிட்டாய்.

மாட்டும்போது எல்லா வாரையும் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். முதலில் இடுப்பு வாரை எலும்பின் மேல் வைத்து இறுக்கிப் பூட்ட வேண்டும். அடுத்து தோள்வார், பை முதுகில் ஒட்டும் வரை மட்டும். மூன்றாவதாகத் தோளுக்கு மேலே பையின் உச்சியோடு சேரும் சின்ன வாரை லேசாக இழுங்கள். கடைசியில் மார்பு வார், மூச்சு தாராளமாக வரும் அளவுக்கு. இறங்கும்போது இடுப்பு வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் பை ஆடாது.

கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம், முழுப் பையோடு வாரத்துக்கு மூன்று நாள் அடுக்குமாடிப் படியில் ஏறி இறங்குங்கள். எந்த வார் எங்கே உரசுகிறது என்பது ஊரிலேயே தெரிந்துவிடும். அப்போதும் பையிலிருந்து இரண்டு பொருளாவது வெளியே வரும்.

திரும்பி வந்ததும் பையைத் துவைக்கப் போடுவதற்கு முன்னால் அதே பாயை விரித்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தினமும் எடுத்தவை, ஒரு தடவை எடுத்தவை, தொடவே தொடாதவை. கை வைக்கக் கூடாது என்று மேலே சொன்னவற்றைத் தனியே எடுத்துவிட்டு, மூன்றாம் குவியலின் எடையைப் பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். என் முதல் தாளின் பின்பக்கத்தில் 4.1 கிலோ என்று இருக்கிறது. அந்தத் தாளை அந்தப் பையின் உள்பாக்கெட்டிலேயே மடித்து வைத்திருக்கிறேன்.